கணேசமூர்த்தியின் படபடப்பு

கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கணேசமூர்த்தி கொழுந்து லொறி ஓட்டினார். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுவை மடுவங்களில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளில் ஏற்றி, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இறக்குவது அவர் வேலை. ஐம்பதை நெருங்கிய மனிதர். வாய் கொஞ்சம் காரம். யாராவது லொறிக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டால் அன்றைக்கு முழுக்க அவர்களுக்கு அர்ச்சனைதான்.

போன பெருமழையில் ஒரு வளைவில் அவர் கண்ணெதிரே பாதையின் ஓரம் பெயர்ந்து பள்ளத்துக்குள் போனது. முன் சக்கரம் விளிம்பை எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றது. அன்று அவர் பயப்படவில்லை. லொறியைப் பின்னால் எடுத்துத் திருப்பி, வேறு வழியாக ஸ்டோருக்குப் போய், நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பயம் வந்தது பல வாரம் கழித்து, பாதையைச் செப்பனிட்டு முடித்த பிறகு, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில். அதே வளைவில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. செத்துப்போகிறோம் என்றே நினைத்தார். எப்படியோ லொறியை ஓரங்கட்டி, சாய்ந்து கிடந்தவரை அந்த வழியாக வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். கடைசியில், "ஒன்னுமில்ல, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள்.

அந்த ஒரு சொல்லைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தப் படபடப்பு மறுபடியும் கடைவீதியில் வந்தது, கோயிலில் வந்தது, ஒருமுறை முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே வந்தது. போகிற இடமெல்லாம் அதே பதில்.

"ஒன்னுமில்லன்னா இது என்னாங்க?" என்று டிஸ்பென்சரியில் சத்தம் போட்டார். "நானா வேணும்னே மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்கேன்?"

தோட்டத்தில் லொறியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, இவரை மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கொழுந்து நிறுக்க வந்த பெண்களெல்லாம், "இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று அனுதாபத்தோடு கேட்டுக் கேட்டு, இல்லாத வியாதியையும் வரவைத்துவிடுவார்கள் போலிருந்தது.

வீட்டிலோ வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. மனைவி சுதர்ஷினி கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தாள். மச்சினன் இராமையா எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி வெட்டி, கையில் மந்திரித்த கயிறு கட்டி, "கண்ணு பட்டுருச்சி மச்சான், வேற ஒன்னுமில்ல" என்றார். அந்த "ஒன்னுமில்ல"வுக்காகவே கணேசமூர்த்தி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் கிருஷாந்தி, மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடச்சொல்லி வீடியோ அனுப்பினாள். எண்ணத் தொடங்கினால் கணக்கில் தப்பு வந்துவிடுமோ என்று அதற்கும் படபடத்தது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் சுதர்ஷினியின் பார்வைதான். அவர் சும்மா கொட்டாவி விட்டால்கூட, "என்னங்க, நெஞ்சு அடைக்குதா?" என்று ஓடிவந்தாள்.

"அடைக்கல புள்ள! நீ கேட்டுத்தான் அடைக்குது!"

அவள் அழுதாள். அவருக்கு அதுவும் ஒரு பாரமாகப் போயிற்று.

கடைசியில் அவளே பிடிவாதமாக ஹட்டனுக்குப் பஸ் ஏற்றி, மனநல கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். "நான் பைத்தியமா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே போனார். அங்கே இருந்தது இளவயது சிங்கள டொக்டர். லொறி ஓட்டிப் பழகிய சிங்களத்தில் கணேசமூர்த்தி படபடவென்று கொட்டித் தீர்த்துவிட்டு, "நல்ல மாத்திரையா ஒன்னு குடுங்க, போதும்" என்றார்.

டொக்டர் உடனே எழுதவில்லை. எப்போது தூங்குகிறார், தூக்கம் கலைந்தால் என்ன செய்கிறார், பிளேன்டீ எத்தனை கோப்பை, வெற்றிலைக்குப் புகையிலை உண்டா, முன்பு சந்தோஷமாகச் செய்த எதை இப்போது விட்டுவிட்டார் என்று கேட்டுக்கொண்டே போனார். கணேசமூர்த்திக்குக் கோபம் வந்தது. நெஞ்சு அடிக்கிறது என்று வந்தவனிடம் தேத்தண்ணியைப் பற்றி என்ன கேள்வி?

"உங்களுக்கு இருக்கிறது உண்மையான வருத்தம்தான், நோய்தான்" என்றார் டொக்டர். "ஆபத்து போன பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. தூக்கம் இல்லை, அதை ஈடுகட்டச் சாயம் கூடின தேத்தண்ணி, அதனால் இன்னும் படபடப்பு. பயத்தில் எங்கேயும் போகாமல் விட்டால் அது வளரும். மாத்திரை தருகிறேன். ஆனால் மாத்திரை மட்டும் போதாது."

"அப்ப இந்தக் கயிறு?" என்று சுதர்ஷினி கேட்டாள்.

"தைரியம் தருகிறதென்றால் இருக்கட்டும். ஆனால் அது மட்டும் போதாது. அம்மா, நீங்கள் அடிக்கடி 'எப்படி இருக்கிறது' என்று கேட்பதை நிறுத்த வேண்டும்."

இவ்வளவு நாளில் ஒருவர் தன் பக்கம் பேசியதைக் கேட்டு கணேசமூர்த்தி மனைவியை வெற்றிப் பார்வை பார்த்தார். ஆனால் வெளியே வந்ததும் புலம்பத் தொடங்கினார். ஒரு மாத்திரையோடு முடிய வேண்டிய காரியத்துக்கு இத்தனை வேலையா? பின்னேரம் பிளேன்டீ கூடாதாம், புகையிலை கூடாதாம், தினமும் நடக்க வேண்டுமாம், வெள்ளிக்கிழமை பஜனைக்குத் திரும்பப் போக வேண்டுமாம்!

புலம்பிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். தேத்தண்ணியை விட்டதில் முதல் வாரம் தலைவலியும் சிடுசிடுப்பும் தாங்கவில்லை. பஜனையில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டினார். நீளமான அடிகளை இழுத்துப் பாடும்போது மூச்சு தானாகவே ஆழமாக இறங்குவதைக் கவனித்தார். மகளின் வீடியோவில் வராதது இங்கே வந்தது. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

டொக்டர் சொன்னபடி, அந்த வளைவை நோக்கி முதலில் புருஷனும் பெண்டாட்டியும் நடந்தே போனார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கிட்டே. சில மாதம் கழித்து டொக்டர் சரி என்ற பிறகு, தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கி வெறும் லொறியை எடுத்தார். சுதர்ஷினியும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வளைவு நெருங்கியதும் கை ஈரமானது.

அவள் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக, இராமையா தன் மகனுக்குப் பெண் பார்த்த கதையைத் தொடங்கினாள். அது பெண்ணின் சித்தப்பா வீட்டுக்குப் போய், அங்கிருந்து அந்தச் சித்தப்பாவின் நாய்க்குத் தாவியது.

"கொஞ்சம் வாய மூடுறியா புள்ள? பாதையப் பாக்க விடு!"

"மூடுனா நீங்க நெஞ்சயில்ல பாப்பீங்க!"

அடித்த நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் லொறியும் போய்க்கொண்டிருந்தது. வளைவைத் தாண்டி ஸ்டோர் வாசலில் நிறுத்தியபோது அவர் சட்டை நனைந்திருந்தது. இறங்கி, சக்கரத்தில் கைவைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

இப்போது காலை வேளைகளில் அவர்தான் லொறி ஓட்டுகிறார். முழுக்கக் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்வதில்லை. மழை பிடித்துக்கொள்ளும் நாட்களில் சாவியை மற்ற டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு எனக்கு ஏலாது, நீ ஓட்டு" என்று நேராகச் சொல்லிவிடுகிறார். பிறகு மடுவத்து வாசலில் நின்றுகொண்டு, அவன் கியர் மாற்றும் லட்சணத்தைத் திட்டித் தீர்க்கிறார்.