மேல்வீட்டுத் தண்ணீரும் லத்தீன் வகுப்பும்

லத்தீன் படிக்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "செத்த மொழி லா அது. யார்கிட்ட பேசப் போற?" அந்த ஒரு கேள்விக்காகவே அன்று மாலை பெயர் கொடுத்தேன். வீம்புக்கு நான் எதையும் செய்வேன்.

வகுப்பு குவீன்ஸ்டவுனில், எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பத்து நிமிட நடை. உள்ளே நுழைந்தால் லத்தீன் மட்டும்தான். ஆங்கிலம், தமிழ், சீனம் எதற்கும் இடமில்லை, மொழிபெயர்த்தும் சொல்லமாட்டார்கள். ஆசிரியர் ஓர் ஆப்பிளைத் தூக்கிக் காட்டுவார், கடிப்பார், 'சாப்பிடுகிறேன்' என்பதை லத்தீனில் சொல்வார். நாங்களும் வெறும் வாயை மென்றுகொண்டே திருப்பிச் சொல்வோம். சொந்தப் பெயர்கூட வாசலோடு சரி. உள்ளே ஆளுக்கொரு ரோமானியப் பெயர். ஐம்பத்து மூன்று வயதில் 'ஆப்பிள் பெரியது, நாற்காலி சிறியது' என்று பேசித் திரிந்தேன். புளோக் முழுக்கப் பேர் வாங்கிய என் வாய்க்கு வாரம் இரண்டு மணி நேரம் பூட்டு. வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம்.

என் ஜோடி, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன அம்மா. நான் தப்பாகச் சொன்னால் கண்ணைச் சிமிட்டுவார். அவர் தப்பாகச் சொன்னால் நான் மேசைக்கடியில் அவர் காலைத் தட்டுவேன். வகுப்பு முடிந்ததும் நான் தேக்காச் சந்தைக்குப் பஸ் ஏறிவிடுவேன். அவர் எங்கே போகிறார் என்று கேட்டதில்லை. கேட்க வார்த்தையும் தெரியாது. இருந்தாலும் அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் என்ன சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் மாதம் ஆசிரியர் பலகையில் ஒரு வீட்டை வரைந்தார். அவரவர் வீட்டைப் பற்றி ஜோடியிடம் சொல்ல வேண்டும். எனக்குக் கொண்டாட்டம். என் மேல்வீட்டில் சொட்டச் சொட்ட ஈரத்துணியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில் தொங்கவிடுவதும், தேக்காவில் பொறுக்கியெடுத்த மிளகாயை நான் சன்னலோரம் காயவைத்தால் அது ஊறிப்போவதும் மூன்று வருடக் கதை. நகர மன்றத்துக்கு எத்தனை புகார் எழுதியிருப்பேன்! மேலே போய்க் கேட்டேனா என்றால், இல்லை. மரியாதை தெரியாதவர்கள் வாசலில் நான் ஏன் நிற்க வேண்டும்?

ஆனால் அந்த அம்மா முந்திக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "என் வீட்டுக்குக் கீழே ஒரு பெண். என் துணி கண்ணீர் விடுகிறது. அவள் கோபப்படுகிறாள். குச்சியால் என் கழியை இடிக்கிறாள். கடிதம் எழுதுகிறாள்."

அந்தக் குச்சி என் வீட்டுத் துடைப்பக் கட்டை.

அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாக்கு நுனியில் தமிழில் இருபது வசவு, ஆங்கிலத்தில் பத்து. லத்தீனில் எனக்குத் தெரிந்தது 'கெட்ட' ஒன்றுதான். அதையும் ஆப்பிளுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். வேறு வழியில்லாமல் கேள்வி கேட்டேன்: "துணியில் ஏன் இவ்வளவு தண்ணீர்?"

அவர் வலது கையை மேசைமேல் வைத்து மடக்கப் பார்த்தார். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. "கைக்கு நோய்," என்றார். அவருக்கு இடது கைப் பழக்கம் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.

என் முறை வந்தபோது என் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

உண்மை தெரிந்தால் அந்த அம்மா என்னோடு பேசவேமாட்டார் என்று பயமாக இருந்தது. அவரை இழக்க எனக்கு மனசில்லை. நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மிளகாய்த் தட்டில் சொட்டு விழுந்ததும் மேலே ஏறிப்போய் மணியடித்தேன்.

அவர்தான் திறந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தால் ஆயிரம் சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். லத்தீனில் அவ்வளவு சாக்கு எனக்குத் தெரியாது. "கீழே உள்ள கெட்ட பெண் நான்," என்றேன்.

"ஸ்கியோ," என்றார். தெரியும் என்று அர்த்தம்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "முதல் நாள்," என்றார். பிறகு மின்தூக்கியில் நான் நிற்கும் லட்சணத்தை நடித்துக் காட்டினார்: கையில் போன், குனிந்த தலை, பக்கத்தில் யார் நின்றாலும், அவருக்கு ஒரு மாடி கீழே இறங்கும்போதுகூட, நிமிர்வதில்லை. துணியில் ஏன் தண்ணீர் என்று கேட்குமளவுக்கு எனக்கு லத்தீன் வரட்டும் என்று ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறார், கள்ளி.

உள்ளே கூட்டிப்போனார். குளியலறையில் ஒரு போர்வை வாளியில் ஊறிக் கிடந்தது. ஒரு முனையை என்னிடம் நீட்டிவிட்டு, மறு முனையை இடது கையில் சுற்றிக்கொண்டார். பிழிவதற்கு லத்தீனில் என்ன சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் முறுக்க ஆரம்பித்தேன்.