ஒரு குழந்தைக்கு ஒரு பாட்டில்

எங்கள் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிற நர்ஸை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அதே நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். என்னை அவள் அண்ணே என்பாள், அவளை நான் அக்கா என்பேன். யார் பெரியவர் என்று பத்தொன்பது வருடமாக முடிவாகவில்லை.

தாய்மார்களுக்குக் காட்டி விளக்கச் சொல்லி, படம் போட்ட பெரிய அட்டை ஒன்றை மேலிடம் அனுப்பியிருந்தது. அக்கா அதை ஊசி அறை ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பாகச் சொருகிவிட்டாள். "படத்தைப் பாத்துட்டு யாருண்ணே பிள்ளையைத் தூக்கிட்டு வருவாங்க?" என்பாள். வீடு வீடாகப் போவாள். துணி உலர்த்துகிறவளுக்கு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். பாத்திரம் தேய்க்கிறவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசுவாள். அவள் வாய் ஓயவே ஓயாது, என் காதுதான் ஓய்ந்துவிட்டது.

அவளுக்குப் பிடிகொடுக்காதவள் ஒருத்தி இருந்தாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். மூத்த பெண்ணுக்கு ஊசி போட்ட அன்று காய்ச்சல் கொதித்து, வீட்டுக்காரன் குதி குதியென்று குதித்திருக்கிறான். அதோடு ஊசிக்கே முழுக்குப் போட்டுவிட்டாள். இளையவனுக்கு ஒன்பது மாதம் முடிந்தும் தட்டம்மை ஊசி போடவில்லை. அந்த ஒரு பையனுக்காக அக்கா ஏழு முறை நடந்தாள். ஏழாவது முறை நானும் கூட இருந்தேன்.

"காய்ச்சல் வரலாம்னு அன்னைக்கே நாங்க சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு எங்களோடது," என்றாள் அக்கா. "ஆனா அந்தக் காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிடும்மா. தட்டம்மை வந்தா அப்படி இல்ல. நெஞ்சுல சளி கட்டி, பிள்ளை மூச்சுக்குத் திணறிடும்."

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இப்படி யாரும் எங்கிட்ட சொல்லலியே அக்கா. புதன்கிழமை வரேன்," என்றாள்.

புதன்தான் ஊசி நாள். அன்றைக்கென்று மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பதினொரு மணிக்கு ஒரே ஒருத்தி உள்ளே வந்தாள். இஸ்திரிக்காரி! இடுப்பில் பையன். அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

தட்டம்மை மருந்து பொடியாக வரும். தண்ணீர் கலந்தால் பத்துக் குழந்தைகளுக்குப் போடலாம், மிஞ்சியதைச் சில மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். ஒரே குழந்தை வந்தாலும் திறக்கலாம் என்றுதான் விதி. ஆனால் போன மாதம்தான் மேலதிகாரி வந்து, மருந்தை வீணாக்குகிறாய் என்று எல்லோர் முன்னாலும் அக்காவைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போயிருந்தார்.

அக்கா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் நாக்கு சும்மா கிடந்ததா? "ஒரு குழந்தைக்கு ஒரு பாட்டிலா? மறுபடியும் வாங்கிக் கட்டிக்கப் போறீங்களா?" என்றேன்.

ஒரு மணி வரை காத்திருந்தோம். வேறு யாரும் வரவில்லை.

"அடுத்த புதன் வாம்மா. நாலு பிள்ளைங்க சேர்ந்ததும் போட்டுடறேன்."

"இன்னைக்குத்தான் அக்கா லீவு குடுத்தாங்க."

"ஒரு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது."

பையனைத் துண்டால் மூடிக்கொண்டு அவள் மழையில் இறங்கிப் போனாள்.

அடுத்த புதன் அவள் வரவில்லை, அதற்கடுத்த புதனும் இல்லை. அக்கா அவள் வீட்டுக்கே ஓடினாள். "மறுபடி லீவு கேட்டா வேலையே போயிடும் அக்கா. அவ்வளவு அவசரம்னா நீங்க அன்னைக்கே போட்டிருப்பீங்களே," என்றாளாம். கோபமில்லாமல் கேட்டாளாம். நியாயம்தானே? ஊசியை மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஊசியக்காவே சொல்லிவிட்டாள் என்ற பேச்சு அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. வருகிறேன் என்றிருந்த இன்னும் இரண்டு தாய்மார்களும் வரவில்லை. அக்கா என் ஜன்னலருகே நின்று அழுதாள். என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐந்தாவது வாரம் அந்தத் தெருவில் தட்டம்மை வந்தது. பையனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. நுரையீரலில் இறங்கிவிட்டது, இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அக்காவைப் பார்த்ததும் இஸ்திரிக்காரி எழுந்து, பையனின் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினாள்.

"வந்துட்டீங்களா அக்கா. இப்பப் போட்டுடுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

"இனிமே அது கேக்காதும்மா," என்றாள் ஊசியக்கா.

அவளுக்குப் புரியவில்லை. அந்தச் சின்னக் கையை நீட்டிப் பிடித்தபடியே நின்றாள்.