பிரேக் குழாயில் காற்று

பங்குனி மாதத்தில் எங்கள் ஊர்ச் சாலையில் பாதி உளுந்துக்குப் போய்விடும். நெல் அறுத்த வயலில் விளைந்த உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் வெடித்து உளுந்து உதிரும். களத்துக்குச் சுமந்து போகிற வேலையும் அடிக்கிற வேலையும் மிச்சம். பேருந்துக்காரர்கள் திட்டிக்கொண்டே ஏற்றிப் போவார்கள்.

அன்று எங்கள் தெருமுனையில் கிடந்தது எதிர்வீட்டுக்காரியின் உளுந்து. காலைப் பேருந்து வரவில்லை. காரை எடுத்து இரண்டு நடை போய்வரும்படி அவள் என் அக்காவிடம் கேட்டாள். அக்கா உற்சாகமாகி ஏழெட்டு நடை போனாள். கடைசி நடையில் பிரேக்கை மிதித்தபோது மிதி தரைவரைக்கும் இறங்கிவிட்டது. கைப்பிரேக்கை இழுத்து, உருட்டி வைத்திருந்த வைக்கோல் கட்டுகளில் மெதுவாக இடித்து நிறுத்தினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் குனிந்து காரின் அடியில் பார்த்தேன். பின் அச்சில் உளுந்துச் செடி கயிறு திரித்ததுபோலச் சுற்றியிருந்தது. அது இழுத்த இழுப்பில், அச்சின்மேல் ஓடும் மெல்லிய பிரேக் குழாய் துருப்பிடித்த இடத்தில் பிளந்திருந்தது. பிரேக் ஆயில் உளுந்தின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கார் அத்தானுக்காக வாங்கியது. அக்காவின் கணவர், அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்தில் இரண்டு நாள் மயிலாடுதுறையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முடிந்து வரும்போது அவரால் நிற்க முடியாது, அதனால் பேருந்து உதவாது. வாடகைக் காரில் ஒருமுறை போனார். அந்த டிரைவர் வழியெல்லாம் கைபேசியில் பேசிக்கொண்டே வந்தான். அதற்குப் பிறகு வாடகை வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அக்கா ஐம்பது வயதுக்குமேல் பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவள் பிரேக் போடவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அத்தான் தன் வலது காலைத் தரையில் அழுத்துவார். வாயும் சும்மா இருக்காது.

அடுத்த டயாலிசிஸ் மறுநாள் காலை.

கொஞ்ச நாளாகவே அவருக்குப் போவதில் விருப்பமில்லை. மழை, கிழமை, தலைவலி என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். தை மாதத்தில் ஒருமுறை அப்படித்தான் போகாமல் விட்டார். இரண்டாம் நாள் படுக்க முடியாமல், தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். மருத்துவர் அக்காவிடம் தனியாகப் பேசினார். இன்னொரு தடவை இப்படி விடக்கூடாது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

கார் நின்ற இடத்துக்கு அத்தான் வந்து பார்த்தார். அவர் முகத்தில் கவலை இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று விடுமுறை விட்ட பையனின் முகம். அக்காவும் அதைக் கவனித்தாள்.

"சரி, நாளைக்கு விட்டுடலாம். வண்டியே வேணாங்குது" என்றார்.

"வண்டி ஒண்ணும் சொல்லலை. நீங்கதான் சொல்றீங்க."

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். மைத்துனி மகளுக்குக் காது குத்து, வேதாரண்யம் பக்கம் வந்திருக்கிறேன், நாளை சாயங்காலம்தான் திரும்புவேன் என்றார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. குழாயைக் கழற்றிக் கொண்டுபோனால் பாகங்கள் விற்கும் கடையில் அதே அளவுக்கு வெட்டி, முனை விரித்துத் தருவார்கள் என்றார். "மாட்டிட்டு ஏர் எடுக்கணுங்க. அதை மட்டும் மறந்துடாதீங்க" என்று சொல்லும்போதே யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

காரை வாசலுக்குத் தள்ளினோம். ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் பனங்கட்டை கொடுத்தோம். அச்சைச் சுற்றியிருந்த செடியை அரிவாளால் அறுத்து எடுப்பதற்கே நேரம் பிடித்தது. பத்திரிகை நிருபராக எத்தனையோ விபத்துச் செய்திகளில் 'பிரேக் பிடிக்காததால்' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பிரேக்கை ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. சுண்டுவிரலைவிட மெல்லிய இரும்புக் குழாய். வயல் சேறும் ஈர வைக்கோலும் பட்டுப் பட்டு, மேல்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. முனையில் இருந்த நட்டு இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது.

அத்தான் வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கியர் மாற்றும் சத்தம் சரியில்லை என்றுகூட அக்காவை விடாமல் குறை சொல்பவர், நான் ஸ்பேனரைத் தப்பான பக்கம் திருப்பியபோதும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய குழாயைச் செய்தித்தாளில் சுற்றி, பைக்கில் மயிலாடுதுறைக்குப் போய்ப் புதியதை வாங்கி வந்தேன். திரும்பியபோது எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் முறம்.

"ரெண்டு நடை போங்கக்கான்னுதான் சொன்னேன். தேர் இழுக்கற மாதிரி நீங்க போயிக்கிட்டே இருந்தா?"

"உன் உளுந்துதானே உதிர்ந்துச்சு?" என்றாள் அக்கா.

"உதிர்ந்துச்சு. எண்ணெயும் சேந்துதான் உதிர்ந்துச்சு. எண்ணெ பட்டதெல்லாம் தனியா அள்ளி வச்சிருக்கேன். உங்க வீட்டு இட்லிக்குக் குடுத்தனுப்பவா?"

"அனுப்பு. ஒனக்கும் நாலு இட்லி குடுக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே அத்தானைப் பார்த்தாள். "என்னண்ணே, ஊர்ல உள்ள பஸ்ஸெல்லாம் ஓட்டுனீங்க, வாயைத் தொறக்க மாட்டேங்கறீங்க?"

"பஸ்ஸுக்கு டிப்போவுல ஆள் இருந்தான்" என்றார் அத்தான்.

புதிய குழாயைப் பொருத்தினேன். நட்டுகளை முதலில் கையாலேயே திருகி, இழையில் சரியாக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஸ்பேனரால் இறுக்கினேன். ஆயில் ஊற்றினோம். எங்கும் கசியவில்லை.

அடுத்தது ஏர் எடுப்பது. குழாயைத் திறந்தால் உள்ளே காற்று போய்விடும். காற்று இருந்தால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குமே தவிர வண்டியை நிறுத்தாது. சக்கரத்தின் பின்புறம் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அந்தத் திருகை லேசாகத் திறக்கவேண்டும். திருகில் மாட்டிய பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்று ஆயிலோடு குமிழியாக ஒரு பாட்டிலுக்குள் வரும். மூடிய பிறகுதான் மிதியை விடவேண்டும்.

அக்கா காருக்குள் உட்கார்ந்தாள். நான் கீழே.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விட்டுடாதே. இரு. இப்ப விடு."

குழாய் உடைந்தது வலது பக்கம். அதனால் வலது பின்சக்கரத்தில் காற்று எடுத்தோம். குமிழி வருவது நிற்கும்வரை செய்தோம். ஆனாலும் மிதி முதல் அழுத்தலில் பாதிக்குமேல் இறங்கியது. இரண்டாம் முறை சட்டென்று அழுத்தினால்தான் பிடித்தது. அதே சக்கரத்தில் மறுபடியும் செய்தோம். குமிழி ஒன்றும் வரவில்லை, மிதியும் மாறவில்லை. வெயில் சாய்ந்துவிட்டது. மெக்கானிக்கின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் அப்பவே சொன்னேன்ல. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிடு."

அக்கா கட்டைகளை எடுத்துவிட்டுக் காரை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பினாள்.

"எங்கக்கா போறே?"

"மதகு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன். ரெண்டு தடவை மிதிச்சா நிக்குதுல்ல? அப்படியே ஓட்டிப் பழகிக்கறேன். நாளைக்கு இதுலதான் போறோம்."

மதகு வரைக்கும் சாலையின் ஒரு பக்கம் வாய்க்கால். இன்னொரு பக்கம் உளுந்தும், அதைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆட்களும். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். கார் மெல்ல நகர்ந்தது.

அத்தான் எழுந்து வந்தார். வீங்கிய காலோடு அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கேட்டுக்கு நடுவில் நின்றார். அக்கா கைப்பிரேக்கை இழுத்தாள்.

"இறங்கு."

"வழியை விடுங்க."

"நீ ரெண்டாவது தடவை மிதிக்கிற வரைக்கும் குறுக்க வந்த மாடு நிக்குமா?"

"அப்ப ஒரு தடவையில நிக்கிறதுக்கு வழி சொல்லுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "இடது பக்கம் ஏர் எடுத்தீங்களா, மாப்ள?"

"உடைஞ்சது வலது பக்கந்தானே, அத்தான்."

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆயில்தானே போவுது. காத்துக்கு வலது இடது தெரியுமா?"

அக்கா எஞ்சினை நிறுத்தினாள். அந்த அமைதியில் வாய்க்கால் ஓரத்து மைனாக்களின் சத்தம் கேட்டது.

"காலையிலேர்ந்து அந்த நாற்காலியிலதான் இருந்தீங்க" என்றாள்.

அவர் முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சேதானே இருந்தீங்க?"

"தெரியும்" என்றார். முழங்கையைத் தடவிக்கொண்டே, "ஊசி குத்திக் குத்திக் கை மரத்துப் போச்சுடி" என்றார்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரி, வந்து நீங்களே மிதிங்க. எனக்குக் காலு வலிக்குது" என்றாள்.

மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் பனங்கட்டை. அத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்குமேல் ஒதுக்கிக்கொண்டார். நான் இடது பின்சக்கரத்தின் திருகைத் திறந்ததும், பாட்டிலில் மாட்டியிருந்த குழாய் வழியாகக் காற்று சரம் சரமாக வந்தது. அதன் பிறகு ஆயில் மட்டும். மூடச் சொன்னார். கடைசியாக மிதியை அழுத்தி, எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். நான் காரின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிதியும் இறங்கவில்லை, ஆயிலும் கசியவில்லை. அவர் பொய் சொல்ல நினைத்திருந்தால் அப்போதும் சொல்லியிருக்கலாம். மேலே என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

அக்காதான் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மெதுவாக மதகு வரை போய்த் திரும்பி வந்தார்கள். வழியில் நாலைந்து இடத்தில் பின் விளக்கு எரிவதைச் சாலையில் நின்றபடி பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்த இடத்திலேயே கார் நின்றது.

இறங்கி உள்ளே போகும்போது அத்தான் அக்காவிடம், கை தொளதொளவென்று இருக்கிற அந்த நீலச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். ஊசி போடுகிற நாளில் அவர் போட்டுக்கொள்கிற சட்டை அது.

"துவைச்சு மடிச்சு வச்சிருக்கு" என்றாள் அக்கா.