வறுவலுக்குக் குறித்த சேவல்

போன மழைக்கு ஆம்பூரில் வெள்ளைக்கழிச்சல் வந்து, எங்கள் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி வளர்த்த கோழிகள் மொத்தமும் போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு சேவல். ஒரு தும்மல்கூட இல்லை அதுக்கு. அது பாட்டுக்கு என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மேல் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தது. ரவுடிப்பயல். மாடியில் குடியிருக்கும் என்னைக் கண்டால் மட்டும் துரத்தித் துரத்திக் கொத்தும்.

நான் வேலூரில் கோழிகளின் நோய் எதிர்ப்பு மரபணுக்களை ஆராய்கிறவள். இப்படி ஒரு சேவலுக்காகத்தான் தவம் கிடந்தேன். இவனோடு நாலு பெட்டையை விட்டு, குஞ்சு பொரிக்க வைத்து, அந்த எதிர்ப்பு பிள்ளைகளுக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த என் ஆராய்ச்சிக்கு இந்த ரவுடியை விட்டால் வேறு கதியில்லை.

ஆன்ட்டியோ வேறு முடிவில் இருந்தார். "வெள்ளிக்கிழமை எம்பொண்ணைப் பேசி முடிக்க சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. மட்டன் பிரியாணி, சேவல் வறுவல்." கெஞ்சிப் பார்த்தேன். "ஒரு சேவல்ல இன்னாம்மா இருக்குது? பேஜார் பண்ணாத," என்றார்.

இதுக்கெல்லாம் அசருகிற ஆளா நான்? வெள்ளிக்கிழமை விடிந்ததும், வீட்டுக்காரர் ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, சேவலை அமுக்கிப் பிடித்து அடைத்து, எங்கள் பாத்ரூமில் வைத்துவிட்டேன். ஆன்ட்டி தேடு தேடென்று தேடினார். "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் ஆன்ட்டி, பாவம்," என்று உச்சுக்கொட்டினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

மதியம் ஆன்ட்டிக்கு ஒத்தாசையாக நானும் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா முதல் வாய் பிரியாணி எடுக்கவும், மாடியில் என் அருமைச் சேவல் தெருவே கேட்கிற மாதிரி கூவியது. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை!

இனி மறைத்து என்ன? பெட்டியோடு கீழே கொண்டுவந்து, விருந்தாளிகள் முன்னாலேயே ஆரம்பித்தேன். "உடம்புல இருக்கிற செல்லுக்குள்ள கிருமி பூந்தா, அதோட துண்டைத் தூக்கிட்டு வர ஒரு ஆளு. அதை வெளியில பிடிச்சுக் காட்டிக் காவலைக் கூப்பிட இன்னொரு ஆளு. அந்த ரெண்டு பேரோட மரபணுவும் நம்மகிட்ட தள்ளித் தள்ளி இருக்கு. கோழிகிட்ட ஒட்டினாப்ல பக்கத்துலயே இருக்கு. அதனால பிரியாம சேர்ந்தே பிள்ளைக்குப் போவும். ஒண்ணு மாறினா, காலப்போக்குல அதுக்குத் தோதான இன்னொண்ணுதான் நிக்கும். ஷூவுக்கு இடது, வலது ரெண்டையும் ஒரே தோல்ல பக்கத்துல பக்கத்துல வெட்டி, ஒண்ணாவே கட்டி அனுப்புறாங்கல்ல, அப்படித்தான். இவன்கிட்ட இருக்கிற ஜோடி இந்தக் கழிச்சலுக்கு நல்லா வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன். இவன் குஞ்சுங்கள்ல பாதிக்காவது அந்த ஜோடி அப்படியே போவும்."

மாப்பிள்ளையின் அம்மா சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டார். என் ஆராய்ச்சியை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதே கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை, விட்டு விளாசினேன். கடைசியில் ஆன்ட்டியே இளகி, "சரி, உயிரோட இருந்துட்டுப் போவட்டும்," என்றார். ஜெயித்துவிட்டேன்!

கை கழுவிவிட்டு வந்த அந்த அம்மா, "எங்க வாணியம்பாடி வீட்லயும் எல்லாக் கோழியும் செத்துப் போச்சு. இப்பத்தான் புதுசா பெட்டைங்க வாங்கி விட்டிருக்கேன். இவனை எங்களுக்குக் குடுங்களேன்," என்றார்.

பெண் கேட்டு வந்தவர்கள் வாய்விட்டுக் கேட்டால் எந்த அம்மா மாட்டேன் என்பார்? ஆன்ட்டி உடனே தலையாட்டிவிட்டார். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். கார் தெருமுனை திரும்பியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆன்ட்டி பக்கத்தில் வந்து நின்றார்.

"வறுத்திருந்தா உனக்கு ஒரு காலாவது கெடச்சிருக்கும்."