தம்பியின் பாஸும் க்யூ மேனேஜரும்

பராமரிப்பு முடிந்த காலைகளில் மெயின்ஃப்ரேமில் க்யூ மேனேஜரை எழுப்புவது என் வேலை. துறைமுகத்துக்குள் போகும் லாரிகளின் நுழைவு பாஸ்களைச் செய்திகளாக வரிசையில் பிடித்துவைத்து, ஒன்றுகூடத் தொலையாமல் வாசலில் சேர்க்கிற மென்பொருள் அது. கட்டளை கொடுத்த உடனே எழுந்துவிடாது. நின்றுபோன இடம்வரை தன் பதிவுகளையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ‘தயார்’ என்று திரையில் சொல்லும். அதற்குப் பிறகே அவை வாசலுக்குப் போகிற வழியான சேனலைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் குட்டிச்சுவராகிவிடும்.

அன்றைக்கு அது படித்துக்கொண்டே இருந்தது. கல்மண்டபத்து அலுவலகத்தில் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி போன் செய்தான். டிரெய்லர் ஓட்டுகிறவன். பாஸ் வராமல் வாசலில் யாரையும் விடாததால், இறால் ஏற்றிய குளிர்பெட்டியோடு எண்ணூர் சாலையில் மாட்டிக்கொண்டு நின்றான்.

“யக்கா, பொட்டிக்கு ஓடுற ஜெனரேட்டர்ல டீசல் தீரப் போவுது. என் பாஸை மின்னாடி தள்ளி வுடேன்.”

“மத்தவன்லாம் இன்னா, வேடிக்கை பாக்கவா நிக்கிறான்?”

“இறால் கெட்டா ஓனரு என்னை வண்டியிலேர்ந்தே எறக்கிடுவாருக்கா! நீ அங்க இன்னாத்துக்குத்தான் குந்திகினு கீற?”

“வையிடா போனை!” என்று கத்திவிட்டேன். அந்த ஒரு பாஸை முன்னால் தள்ள என்னால் முடியும். ஆனால் எர்ணாவூரில் தண்ணி லாரிக்கு வரிசையில் குடம் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆள் இல்லாவிட்டாலும் குடம் நிற்கிற இடம் அந்த ஆளுடையது. நகர்த்தினால் தெருவே சண்டைக்கு வரும். எனக்குக் கை வரவில்லை.

‘தயார்’ வந்தது. சேனலைத் திறந்தேன். வரிசை வந்த முறைப்படியே கரைய ஆரம்பித்தது. அவனுடையது எங்கோ நடுவில். அந்த டீசல் தாங்கணுமே சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

மதியத்துக்கு முன் மறுபடி கூப்பிட்டான்.

“உள்ள வந்துட்டேன்க்கா. பொட்டிய கரண்ட்ல மாட்டிட்டாங்க.”

“அதுக்குள்ள எப்படிடா? பாஸ் வந்தாலும் உனக்கு மின்னாடி அவ்ளோ வண்டி நின்னுச்சே?”

“எங்கக்கா அங்கதான் வேலை பாக்குது, தள்ளி வுட மாட்டேன்னுட்டுதுன்னு மின்னாடி நின்ன டிரைவருங்ககிட்ட பொலம்பினேன். எல்லாம் சிரிச்சிட்டு வண்டிய ஓரங்கட்டுனாங்க. நீ போ நைனான்னு வுட்டுட்டாங்க. நீ தள்ளி வுட்டிருந்தா அவங்க வழி வுட்டிருக்க மாட்டாங்கக்கா.”

“சரி, சாப்டுடா” என்று மட்டும் சொன்னேன்.