ஒரே கம்பியில் இரண்டு லயம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனுக்கு அரசாங்கக் கரண்ட் வந்ததில்லை. டயகமப் பக்கம் தார் ரோட்டோடு போஸ்ட்டுகள் நின்றுவிட்டன. எங்களுக்கு ஓடைதான் கரண்ட். தண்ணீரைக் குழாயில் இறக்கி ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதில் கிடைப்பதை மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகளும் ஒரே கம்பியில் பங்கு போட்டுக்கொண்டோம். மேலே ஒருத்தி அவசரத்துக்கு ரைஸ் குக்கரைப் போட்டால் கீழே எங்கள் பல்ப் சிவந்துபோகும். கீழே நாங்கள் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டால் மேலேயிருந்து ஏச்சு வரும். ஒருத்தர் அள்ளிக்கொண்டால் அடுத்தவருக்கு இருட்டு. இது எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சக்கரத்தை வெகு காலம் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். மிஞ்சுகிற கரண்டை வாங்கிக்கொள்ள முன்பு ஒரு பெட்டி இருந்தது. அது எரிந்துபோனது, மாற்றித் தர யாரும் வரவில்லை. அதனால் இவரே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். லயத்து முனையில் ஒரு தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டார். அதைத் தட்டத் தட்ட, ஒரு தட்டுக்கு ஒரு வீடு. போடுவதானாலும் அப்படித்தான், அணைப்பதானாலும் அப்படித்தான்.

"அணைக்கிறதுக்கு எதுக்கு மாமா தகரம்? போடறதுக்குச் சரி" என்று பக்கத்து வீட்டு மருமகள் ஒருநாள் கேட்டாள்.

"சக்கரம் மாடு மாதிரி புள்ள. பாரத்த ஏத்தினா தள்ளாடும். மொத்தமா இறக்கிப் பாரு, மெரண்டு ஓடும். கம்பியில வர்ற கரண்டும் அதோட எகிறும்."

"எங்க வீட்டு மாமியார் மாதிரின்னு சொல்லுங்க."

சிரித்து முடித்ததும் இவருக்கு இருமல் வந்தது. ஃபெக்டரித் தூளோ பீடியோ, அந்த இருமல் கடைசியில் மூச்சையே பிடித்துக்கொண்டது. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு மூச்சு மெஷின் கொடுத்தனுப்பினார்கள். அது ஓடினால் இவர் மூச்சு ஓடும். அதற்கும் ஓடையில் வருகிற அதே கரண்ட்தான் வேண்டும்.

நான் யாரிடமும் கேட்டுப் பழகாதவள். கொழுந்து பறித்த காலத்திலும் என் கூடையில் இன்னொருத்தி கை பட விட்டதில்லை. இதற்கும் கேட்கவில்லை. கேட்காமலேயே கீழ் லயத்தில் குக்கரையும் கேத்தலையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரி டிவியைக்கூட மூடிவைத்தாள். வாசலில் நின்று, "மாமா, கதாநாயகிக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு ஒங்களாலதான் எனக்குத் தெரியாமப் போச்சு. நல்லா மூச்சு விடுங்க" என்பாள். மூக்கில் குழாயோடு இவர் கையை ஆட்டுவார்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா வந்தது. ஓடையில் தண்ணீர் இளைத்திருந்த நேரம். மேல் லயத்துக் கோயில் தலைவர் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு நாளு. சீரியல் பல்பும் ஸ்பீக்கரும் போடணும்ங்கிறாங்க பயலுக. வேணாம்னா வேணாம். நீங்க சொல்றதுதான்."

இவர் மூச்சை எடுத்து எடுத்துத்தான் பேசினார். "போடுங்கப்பா. ஆத்தா இருட்டுல வருவாளா? கொறைச்சுப் போடுங்க."

அவர்களும் குறைத்துத்தான் போடுவதாக இருந்தார்கள். ஆனால் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் வந்து இறங்கியிருந்தார்கள். மத்தியானம் மூடுபனியில் பல்பு மாலை எரிகிறதா என்று பார்த்தார்கள். கூடவே ஸ்பீக்கர். கூடவே ஆளுக்கொரு போன். அன்னதானத்துக்கு இரண்டு குக்கர். இப்போது சக்கரத்தைப் பார்க்கிற தம்பி, பாரம் தாங்கட்டும் என்று தண்ணீர் வால்வை முழுதாகத் திறந்து வைத்தான்.

அப்போதும் போதவில்லை. எங்கள் வீட்டு பல்ப் சிவந்தது. மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. இவர் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்ட பக்கத்து வீட்டு மருமகள் தலையில் கட்டிய துண்டோடு மேட்டில் ஏறி ஓடினாள். "மாமாவுக்கு மூச்சு நிக்குது. எல்லாத்தையும் புடுங்குங்க" என்று அவள் கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. கோயிலில் அடித்த தப்பு மேளச் சத்தம் சட்டென்று நின்றது. ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லையாம். குக்கர், ஸ்பீக்கர், பல்பு மாலை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினார்கள். கீழ் லயத்திலும் வீட்டுக்கு வீடு ஓடி அணைத்தார்கள். தகரத்தைத் தட்ட யாருக்கும் நினைப்பு வரவில்லை. மூச்சு நிற்கிறது என்று கேட்டவர்கள் எண்ணிக்கொண்டா இருப்பார்கள்?

இவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. மேலே சத்தம் அடங்கியதும் குழாயை விலக்கிக் கையைத் தூக்கினார். வேண்டாம் என்கிற மாதிரி. எனக்கு விளங்கவில்லை. சிவந்திருந்த பல்ப் மஞ்சளாகி, வெள்ளையாகி, கண் கூசுகிற வெள்ளையாகி வெடித்தது. மெஷினுக்குள்ளே டப்பென்று ஒரு சத்தம். கருகின வாடை. தம்பி வால்வைச் சுற்றிச் சுற்றி மூடி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாற்காலியில் வைத்து ரோடு வரைக்கும் தூக்கினார்கள். மேல் லயத்துப் பிள்ளைகள்தான் தூக்கினார்கள். கொழுந்து லொறியில் என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தார். டவுன் தெரிகிற வளைவு வரைக்கும் மூச்சு இருந்தது. அதற்கப்புறம் லொறி ஆடியதால் மட்டும்தான் அவர் நெஞ்சு ஆடியது.

அந்த வருஷம் சாமி புறப்படவில்லை. காரியம் முடிந்தும் மேல் லயத்துப் பெண்கள் என் வாசலுக்கு வராமல் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கூடிக்கூடி நின்றார்கள். கடைசியில் கோயில் தலைவரின் சம்சாரம் வந்தாள்.

"அக்கா, ஏசிடுங்க. ஏசாம இருக்கீங்களே, அதுதான் எங்களுக்குத் தாங்கல."

"என்னத்த ஏச? அவருக்காகத்தானே புடுங்குனீங்க."

அவள் அழுதாள். நான் அவள் தலையைத் தடவிவிட்டேன். யாராவது பொல்லாப்போடு செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அழுது ஆறியும் இருப்பேன். இது பாசத்தில் செய்தது. யாரை ஏசுவது?

அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் போகிறேன். சிரித்துப் பேசுகிறேன். ஆனால் அங்கே கொடுக்கிற தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு ஆறும்வரை வைத்திருந்து, யாரும் பார்க்காதபோது வாசல் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு வருகிறேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சீனி போட்டுத்தான் தருகிறாள்.