பொன்னியின் இடது கை

குரோம்பேட்டை மார்க்கெட்டில் பொன்னி வஞ்சிரம் வெட்டினால் துண்டுக்குத் துண்டு ஒரே கனமாக விழும். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர்கள் பலர் உண்டு. அந்தக் கைப்பக்குவம் எல்லோருக்கும் வாய்க்காது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவள் கடையை விடவில்லை.

ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவதற்காக, இடது முழங்கைக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் போகப்போகப் புடைத்து, நங்கூரக் கயிறு போலத் தடித்துவிட்டது. தொட்டால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல அதிரும். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. "கயிறு தடியா இருந்தாத்தான் படகு நிக்கும்" என்று பக்கத்துக் கடை எல்லம்மாவிடம் கையை நீட்டிக் காட்டுவாள்.

பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்தாள். மல்லாந்து படுக்க முடியவில்லை. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறாள் என்று முடிவு கட்டிய கணவன் ஏகநாதன், குடத்தைத் தூக்கிப் பரண்மேல் வைத்தான்.

"யோவ், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கினு கீது. நான் எங்கய்யா குடிச்சேன்?"

"அப்ப ஏன் இப்டி இரைக்குது? மீன் பெட்டி ஐஸை முழுங்குனியா?"

இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டரம்மா, உடம்பில் தண்ணீர் கூடவில்லை என்றார். ஏகநாதன் தரையைப் பார்த்தான். நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிக் கிடந்தது. முக்கியக் காரணம் அந்தக் கைதான். தேவைக்கு மேல் ரத்தம் அதன் வழியே பாய்ந்து இதயத்தையும் நுரையீரலையும் திணறடித்தது. ஆபரேஷன் செய்து அந்த இணைப்பைக் குறுக்கலாம். குறுக்கும்போது அடைத்துக்கொள்ளவும் கூடும். அடைத்தால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட வேண்டும்; கிருமி தொற்றிவிடும் என்பதால் மீன் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அப்புறம் உட்காரவே கூடாது.

பொன்னி கையைப் பார்த்தாள். உயிரைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான், மூச்சை அடைப்பதும் அதுதான்.

டாக்டரம்மா புடைத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதிர்வு நின்றது. தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது.

"கொஞ்ச நேரம் அப்டியே புடிச்சுக்கோ டாக்டரம்மா."

"இப்படியே பிடிச்சா ரத்தம் உறைஞ்சிடும்மா." விரலை எடுத்தார். நெஞ்சு மறுபடி ஓட்டம் பிடித்தது.

"குறுக்கிடு" என்றாள் பொன்னி.

ஏகநாதன் பதறினான். "அடைச்சுக்கினா? கடை இன்னா ஆவுறது?"

"நீ வெட்டு."

"நானா? எனக்கு மத்தி கூட ஒழுங்கா வராதேடி!"

"தெரியும். வூட்ல குந்திக்கினு உன்னைத் திட்டவாச்சும் எனக்கு மூச்சு வேணும்யா."